பல் வேரில் சீழ் கட்டினால்... மாத்திரை மட்டும் போதுமா?



இஷாத் தொழுது, உணவருந்தி, வீடு அடங்கும் நேரம். பகலெல்லாம் லேசாக உறுத்திக் கொண்டிருந்த கடைவாய்ப் பல், படுக்கையில் தலை சாய்த்ததும் விண் விண்ணென்று தெறிக்கத் தொடங்குகிறது. கிராம்புத் தைலம் தொட்டு வைக்கிறோம். உப்பு நீரில் கொப்பளிக்கிறோம். விடிய விடிய உறக்கமில்லை. பொழுது புலர்ந்ததும் பிள்ளையை அழைத்து, "கடையில் பல் வலி என்று சொல்லி மாத்திரை வாங்கி வா" என்று அனுப்புகிறோம். நம்மில் எத்தனை இல்லங்களில் இது வாடிக்கையாக நடக்கிறது என்பதை உங்கள் மனசாட்சியே கூறும்.

அந்தப் பிள்ளை வாங்கி வரும் சிறு காகிதப் பொட்டலத்தில் பெரும்பாலும் இரண்டு வகை மாத்திரைகள் இருக்கும். ஒன்று வலி நிவாரணி. மற்றொன்று ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி. இந்த இரண்டாவது மாத்திரையைப் பற்றித்தான் இக்கட்டுரையில் உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஒரு வீட்டில் நடந்தது

எங்கள் பகுதியில் ஓர் அம்மையார். வயது ஐம்பதைக் கடந்தவர். பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர். மகனுடைய நிக்காஹ்வுக்குப் பன்னிரண்டு நாட்கள் இருந்தபோது கீழ்த்தாடையின் கடைசிப் பல்லில் வலி கண்டது. பல் மருத்துவரிடம் போகலாம் என்று மகள் கெஞ்சினாள். "கல்யாண வேலை தலைக்கு மேலே கிடக்கு. நிக்காஹ் முடியட்டும் மவளே, பல்லைப் பிறகு பார்த்துக்கலாம்" என்று கூறிவிட்டார்.

கடையில் வாங்கிய மாத்திரையில் இரண்டே நாளில் வலி நின்றது. மாத்திரையையும் நிறுத்தினார். ஒரு வாரம் சென்று வலி திரும்பியது. இம்முறை, "அதைவிட வீரியமானது" என்று கூறி வேறொரு மாத்திரை தரப்பட்டது. வலீமா விருந்தன்று மாலை தாடைக்கு அடியில் வீக்கம் இறங்கியது. இரவுக்குள் எச்சிலை விழுங்க முடியவில்லை. நாக்கு மேலே தூக்கிக் கொண்டது. குரல் மாறியது. மூச்சு வாங்கத் தொடங்கியபோதுதான் வீட்டார் பதறி அரசு மருத்துவமனைக்கு ஓடினர்.

அங்கே சுவாசத்திற்குக் குழாய் பொருத்தி, தாடைக்கு அடியில் கீறிச் சீழை வெளியேற்றி, பல்லையும் அகற்றினார்கள். மணமகள் வந்து இறங்கிய வீட்டில் மாமியார் இல்லை. அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். பல நாட்கள் கழித்துத்தான் நலமாக வீடு திரும்பினார். வழியனுப்பிய மருத்துவர் மகளிடம் கூறிய சொற்கள் இவை: "முதல் நாளே இந்தப் பல்லைக் கவனித்திருந்தால் ஒரு மணி நேர வேலை."

அம்மையார் மாத்திரை சாப்பிடாமல் இருக்கவில்லை. இரண்டு வகை சாப்பிட்டார். அப்படியிருந்தும் இந்நிலை ஏன் வந்தது?

பல்லுக்குள் நடப்பது என்ன?

பல்லின் வெளிப்புறம் எனாமல் என்னும் கடினமான உறை. அதற்குள் டென்டின். அதற்கும் உள்ளே, நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த மென்மையான பற்கூழ். இக்கூழ் வேரின் நுனியிலுள்ள மிகச் சிறிய துவாரத்தின் வழியாகவே உடலோடு தொடர்பு கொண்டுள்ளது.

சொத்தை ஆழமாகிக் கூழை எட்டும்போது அது வீங்குகிறது. உடலின் பிற பகுதிகளில் வீக்கம் விரிந்து கொள்ள இடமுண்டு. பல்லுக்குள் இடமேது? சுற்றிலும் கற்சுவர் போன்ற ஓடு. எனவே அழுத்தம் ஏறி, இரத்தக் குழாய்கள் நெரிபட்டு, கூழ் செத்துப் போகிறது. நரம்பும் சாவதால் அந்தக் கட்டத்தில் வலி தானாகவே நின்றுவிடுவதுண்டு! "மாத்திரை கேட்டுவிட்டது" என்று நாம் மகிழ்வது பல நேரங்களில் இந்த மௌனத்தைக் கண்டுதான். செத்த கூழில் கிருமிகள் பெருகி, வேர் நுனி வழியாக வெளியேறி, எலும்பில் சீழ்க்கட்டியை உண்டாக்குகின்றன.

நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக் குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியாகத்தான் எந்த உறுப்பையும் சென்றடைய வேண்டும். செத்த பல்லுக்குள்ளோ இரத்த ஓட்டமே இல்லை. வாய்க்கால் தூர்ந்துபோன வயலுக்கு மதகைத் திறந்து என்ன பயன்? சீழ் நிறைந்த குழிக்குள்ளும் மருந்து போதிய அளவு ஊடுருவுவதில்லை. ஆகவே, எவ்வளவு விலையுயர்ந்த மாத்திரையாயினும் கிருமியின் பிறப்பிடம் அப்படியே இருக்கும். மருந்தின் வேகம் குறைந்ததும் நோய் மீண்டும் தலைதூக்கும்.

உண்மையான சிகிச்சை மூன்று வழிகளில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். பல்லைத் திறந்து, செத்த கூழை நீக்கி, வேர்க் குழாயைத் தூய்மை செய்து அடைக்கும் ரூட் கெனால், பல்லை அகற்றுதல், வீங்கிய இடத்தில் கீறிச் சீழை வடித்தல். இம்மூன்றுக்கும் ஆன்டிபயாடிக் துணை நிற்கலாம். இவற்றுக்கு மாற்றாக அது ஒருபோதும் ஆகாது.

எந்தப் பல் என்று அறிவதும் முக்கியம். கொர்டோபாவின் அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவீ, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமது மருத்துவக் களஞ்சியமான 'அத்தஸ்ரீஃப்' நூலில் இதுபற்றி எச்சரித்துள்ளார். வலி நோயாளியை ஏமாற்றிவிடும். அவர் நல்ல பல்லைக் காட்டிவிடக் கூடும். எனவே அவசரப்பட்டுப் பிடுங்காமல் நோயுற்ற பல்லை உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. இன்று தட்டிப் பார்த்தும், குளிர்ச்சி வைத்துச் சோதித்தும், எக்ஸ்ரே எடுத்தும் மருத்துவர் செய்வது அதைத்தான். மருந்துக் கடையின் மேசைக்கு அப்பாலிருந்து இதைச் செய்ய இயலுமா?

எப்போது தேவை, எப்போது தேவையில்லை?

2019ஆம் ஆண்டு அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் இதற்கென ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன் சாரம் இதுதான்: நோய் எதிர்ப்புச் சக்தி குன்றாத பெரியவர்களுக்கு, உடனே பல் சிகிச்சை கிடைக்குமாயின், பல் கூழ் அழற்சிக்கோ வேரடியில் மட்டும் தங்கியுள்ள கட்டிக்கோ ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. பல் சிகிச்சையும் வலி நிவாரணியுமே போதும்.

காய்ச்சல், உடல் சோர்வு, கழுத்தில் நெறி கட்டுதல், முகத்தில் பரவும் வீக்கம், வாய் திறக்க முடியாமை ஆகியவை தோன்றினால் நிலைமை வேறு. கிருமி பல்லின் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். அப்போது ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டும். பல் சிகிச்சையும் தாமதமின்றி வேண்டும். கட்டுப்படாத நீரிழிவு உள்ளோர், புற்றுநோய் சிகிச்சை பெறுவோர், மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர், நீண்ட நாட்களாக ஸ்டீராய்டு உண்போர் ஆகியோருக்கு மருத்துவர் முன்கூட்டியே தரக்கூடும்.

எந்த மருந்து?

வேரடிச் சீழில் ஒரே வகைக் கிருமி இருப்பதில்லை. வாயில் இயல்பாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளும், காற்றில்லா இடத்தில் செழிக்கும் பிரிவோடெல்லா, ஃபியூசோபாக்டீரியம் போன்றவைகளும் கூட்டாக இருக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை இன்றும் பென்சிலின் குடும்பத்திற்குக் கட்டுப்படுகின்றன. எனவே முதல் தேர்வு, விலை மலிவான, எல்லாரும் அறிந்த அமாக்ஸிசிலின்தான். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 500 மி.கி., எட்டு மணி நேரத்திற்கு ஒருமுறை. குழந்தைகளுக்கு எடையைக் கொண்டே அளவு கணக்கிடப்படும்; பெரியவரின் மாத்திரையை உடைத்துப் பாதி கொடுப்பது தவறு.

அதற்குக் கட்டுப்படவில்லையெனில் மருத்துவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். காற்றில்லாக் கிருமிகளை அழிக்கும் மெட்ரோனிடசோலைக் கூடச் சேர்ப்பார். அல்லது கிளாவுலானிக் அமிலம் கலந்த அமாக்ஸிசிலினுக்கு மாற்றுவார். சில கிருமிகள் பென்சிலினைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. அந்த நொதியை முடக்குவதே கிளாவுலானிக் அமிலத்தின் வேலை. '625' என்று எண்ணால் நாம் அறிந்த மாத்திரை இதுவே: 500 மி.கி. அமாக்ஸிசிலினும் 125 மி.கி. கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்தது. முதல் மருந்தே போதுமான இடத்தில் இதைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குவது அறிவுடைமையன்று.

மருந்தை மாற்றுவதற்கு முன் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, 'சீழ் வெளியேறிவிட்டதா?' என்பதுதான். சீழ் உள்ளே தங்கியிருக்க, மாத்திரையை மட்டும் மாற்றிக் கொண்டே போனதுதான் நாம் மேலே கண்ட அம்மையாருக்கு நேர்ந்தது.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாதோர்

"எனக்குப் பென்சிலின் ஆகாது" என்று சொல்வோர் பலர். முறையாகச் சோதித்துப் பார்த்தால் அவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையான ஒவ்வாமை இல்லை என்று தெரிய வருகிறது. வயிற்றுப் போக்கோ குமட்டலோ வந்ததைச் சிலர் ஒவ்வாமை என எண்ணிக் கொள்கின்றனர். ஆகவே, அன்று நடந்தது என்ன என்பதை மருத்துவரிடம் விளக்கிச் சொல்லுங்கள்.

மருந்து உண்டதும் உடலெங்கும் தடிப்பு, உதடும் தொண்டையும் வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் வந்திருந்தால் அது கடுமையான ஒவ்வாமை. அவர்கள் பென்சிலின் குடும்பத்தையே தொடலாகாது. அத்தகையோருக்கு அஸித்ரோமைசின், கிளிண்டாமைசின் போன்றவை உள்ளன. முன்னதை இதயத் துடிப்புக் கோளாறு உள்ளோர் கவனத்தோடு உட்கொள்ள வேண்டும். பின்னது சிலருக்குக் கடுமையான குடல் அழற்சியை உண்டாக்கக் கூடும். லேசான ஒவ்வாமை மட்டும் கண்டோருக்குச் செஃபலெக்ஸின் தரப்படுவதுண்டு.

எத்தனை நாட்கள்?

முன்பெல்லாம் ஏழு, பத்து நாட்கள் என்று எழுதித் தருவது வழக்கம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆன்டிபயாடிக் கையேடு, பல் சிகிச்சை முறையாக நடந்திருந்தால் மூன்று நாட்களும், நடக்கவில்லையெனில் ஐந்து நாட்களும் போதும் என்கிறது. மூன்றாம் நாள் மருத்துவரிடம் மீண்டும் காட்டுவது அவசியம். அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். தொடரச் சொன்னால் தொடருங்கள். வலி நின்றது என்று நாமாக நிறுத்துவதும், பயத்தில் நாமாக நீட்டிப்பதும், மிச்ச மாத்திரையை அடுத்த முறைக்கென அலமாரியில் பத்திரப்படுத்துவதும் கூடாது.

ஏன் இத்தனை கண்டிப்பு? பென்சிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் ஒரு கற்பனைக் குடும்பத்தைச் சித்திரித்தார். கணவர் தொண்டை வலிக்குத் தாமாகவே பென்சிலின் வாங்கி அளவு குறைவாக உட்கொள்கிறார். கிருமி சாகாமல் மருந்தை எதிர்க்கக் கற்றுக் கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்றுகிறது. அவருக்கு மருந்து பலிக்காமல் போய் அவர் இறந்துவிடுகிறார். மருந்து சந்தைக்கு வந்த காலத்திலேயே அதைக் கண்டவர் விடுத்த எச்சரிக்கை இது! 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேரின் மரணத்திற்கு நேரடிக் காரணமாயின என்று 2022இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

வீரியமான மாத்திரை வேண்டும் என்று கேட்போர் ஒன்றை அறிய வேண்டும். ஃப்ளூரோகுவினலோன் வகை மருந்தோடு ஆர்னிடசோலைக் கலந்த மாத்திரைகள் நம் நாட்டில் பல் வலிக்கும் பரவலாக விற்கப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனம் அத்தகைய கலவைகளைப் பரிந்துரைக்கத் தகாதவை என்று வகைப்படுத்தியுள்ளது. மாத்திரைப் பட்டையில் நெடுக்காகச் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டின்றி உட்கொள்ளக் கூடாது என்பது பொருள். 2016இல் நம் மத்திய சுகாதார அமைச்சகம் இதை விளக்கும் பிரசாரத்தைத் தொடங்கியது. அடுத்த முறை பட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அதை முதலிலேயே கூறிவிட வேண்டும். டாக்ஸிசைக்ளின் போன்ற டெட்ராசைக்ளின் வகைகள் கருவிலுள்ள குழந்தையின் பற்களில் கறையை உண்டாக்கக் கூடியவை. அமாக்ஸிசிலின் கர்ப்ப காலத்திலும் பாதுகாப்பாகப் பயன்பட்டு வருவது. 'குழந்தை பிறக்கட்டும்' என்று சீழோடு மாதக் கணக்கில் காத்திருப்பது தாய்க்கும் சேய்க்கும் நல்லதன்று.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்போருக்கு மெட்ரோனிடசோல் இரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டும். செயற்கை இதய வால்வு பொருத்தியோரும், முன்பு இதய உள்ளுறை அழற்சி கண்டோரும் பல் அகற்றும் முன்பே ஒருவேளை மருந்து உட்கொள்ள வேண்டியிருக்கும். நீரிழிவு உள்ளோருக்குச் சீழே சர்க்கரையை உயர்த்தும். உயர்ந்த சர்க்கரை சீழை வளர்க்கும். பல் வலி தொடங்கிய அன்றே சர்க்கரையையும் சோதியுங்கள்.

ரமளான் மாதத்தில் எழும் சிக்கலையும் குறிப்பிட வேண்டும். எட்டு மணிக்கு ஒருமுறை உண்ண வேண்டிய மாத்திரையைச் சஹரில் இரண்டாகச் சேர்த்து விழுங்குவோர் உள்ளனர். அது தவறு. நோன்பு வைத்திருப்பதை மருத்துவரிடம் கூறினால், இருவேளை மருந்து பொருந்துமா என்று அவர் ஆராய்வார். காய்ச்சலும் வீக்கமும் கண்ட நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கியிருக்கிறது. விட்ட நோன்பைப் பின்னர் நோற்கலாம். ஐயமிருப்பின் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியுங்கள். பெருநாள் வரட்டும் என்று சீழ் காத்திருக்காது.

வீக்கத்தோடு பல்லைத் தொடலாமா?

"வீங்கியிருக்கும்போது பிடுங்கினால் சீழ் மூளைக்கு ஏறிவிடும்" என்பது நம் பெரியவர்கள் பலரின் நம்பிக்கை. உண்மை இதற்கு நேர்மாறானது. சீழ் எவ்வளவு விரைவில் வெளியேறுகிறதோ, அவ்வளவு விரைவில் ஆபத்து நீங்குகிறது. அழற்சி கண்ட இடத்தில் மரத்துப் போகும் ஊசி சரிவர வேலை செய்யாதிருக்கலாம். அப்போது சற்றுத் தள்ளி நரம்பின் பாதையில் ஊசி போடும் முறையை மருத்துவர் கையாள்வார். தள்ளிப் போடுவதா, இல்லையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நம் அச்சம் முடிவு செய்ய வேண்டாம்.

உடனே மருத்துவமனைக்கு!

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று தோன்றினாலும் இரவென்றும் பாராமல் பெரிய மருத்துவமனைக்கு விரையுங்கள்:

- தாடைக்கு அடியிலோ கழுத்திலோ பரவும் வீக்கம்
- நாக்கு மேலே தூக்குதல், எச்சில் வடிதல், விழுங்க முடியாமை
- குரல் மாற்றம், மூச்சுத் திணறல், படுக்க முடியாமை
- விரற்கடை அளவுக்கு மேல் வாய் திறக்க இயலாமை
- கண்ணை மூடும் அளவுக்கு வீக்கம், பார்வை மங்கல்
- குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், குழப்பமான பேச்சு

தாடைக்கு அடியில் இருபுறமும் பரவும் இந்த வீக்கத்தை 1836இல் விவரித்தவர் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக். அவர் பெயராலேயே அது வழங்கப்படுகிறது. ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் இந்நோய் கண்டோரில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். இன்று பெரும்பாலோர் பிழைக்கின்றனர். நரம்பு வழியே ஏற்றும் மருந்து, சுவாசப் பாதையைக் காத்தல், சீழை வடித்தல் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அவர்களைக் காப்பாற்றுகின்றன. இந்நிலையில் வீட்டிலிருந்து மாத்திரை விழுங்கிக் காத்திருப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

மருத்துவரைக் காணும் வரை

வெதுவெதுப்பான உப்பு நீரால் கொப்பளிக்கலாம். பாராசிட்டமால் உட்கொள்ளலாம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளோரும் கர்ப்பிணிகளும் இபுப்ரோஃபென் போன்றவற்றைத் தாமாக உண்ணலாகாது. ஆஸ்பிரினை ஈறில் வைத்து அழுத்தினால் ஈறு வெந்துவிடும். கன்னத்தின் வெளியே சூடான ஒத்தடம் வேண்டாம்.

மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கத் தயங்காதீர்கள். 'எனக்கு ஆன்டிபயாடிக் அவசியமா? எத்தனை நாள்? பல்லுக்குரிய சிகிச்சை எந்தத் தேதியில்?' இம்மூன்றில் கடைசிக் கேள்வியே முதன்மையானது. அதற்கு விடையில்லாமல் மாத்திரைச் சீட்டோடு மட்டும் வீடு திரும்பாதீர்கள்.

அந்த அம்மையார் இன்று நலமாக உள்ளார். தாடைக்கு அடியில் ஒரு தழும்பு மட்டும் உண்டு. அண்மையில் மருமகளுக்குப் பல் வலி வந்தது. வீட்டில் விருந்தினர் இருந்தனர். இரண்டு நாள் கழித்துப் போகிறேன் என்றாளாம் அப்பெண். அம்மையார் பேசவில்லை, முக்காட்டை விலக்கித் தழும்பைக் காட்டினார். அன்று மாலையே இருவரும் பல் மருத்துவரிடம் சென்று வந்தனர்.